கழிவறையிலிருந்து கடலுக்குப் பதினோரு மணி நேரம்

அமெரிக்காவின் தென்கிழக்குக் கோடியில், மயாமி நகருக்குத் தெற்கே கடலுக்குள் வளைந்து நீளும் தீவு வரிசைக்கு ஃப்ளோரிடா கீஸ் என்று பெயர். 1990-களின் முற்பாதியில் அங்குள்ள கீ லார்கோ தீவில், ஒரு வீட்டுக் கழிவறையில் ஏராளமான வைரஸ்களைக் கொட்டித் தண்ணீர் விட்டு அனுப்பினார்கள் ஆய்வாளர்கள். பாக்டீரியாவை மட்டும் தொற்றி, மனிதரை ஒன்றும் செய்யாத வைரஸ்கள் அவை. அந்த வீட்டில் செப்டிக் டேங்க் இருந்தது. நம்மூரில் வீடு கட்டுகிறவர் "டேங்க் கட்டியாச்சு, கவலை இல்லை" என்று சொல்லும் அதே ஏற்பாடுதான். ஆனால் 11 மணி நேரத்தில் அந்த வைரஸ்கள் வீட்டை ஒட்டிய கால்வாயில் தென்பட்டன. 23 மணி நேரத்தில் கரையோரக் கடலுக்கே போய்ச் சேர்ந்துவிட்டன. தெற்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் ஜான் பால், ஜோன் ரோஸ் உள்ளிட்ட குழு இந்த முடிவை 1995-இல் வெளியிட்டது.

எப்படி இவ்வளவு விரைவில்? விடை அந்தத் தீவுகளின் தரையில் இருக்கிறது. கீ லார்கோவின் நிலம் முழுவதும் பழைய பவளப்பாறை. சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றைவிட உயர்ந்திருந்த காலத்தில் வளர்ந்த பவளம், கடல் இறங்கியபின் சுண்ணாம்புப் பாறையாக மிஞ்சியது. தேன்கூடு போல உள்ளெங்கும் துளைகள். மேலே மண் என்று சொல்ல ஏதுமில்லை. ஒரு பக்கம் அட்லாண்டிக் கடல், மறுபக்கம் ஃப்ளோரிடா விரிகுடா. ஓதம் ஏறி இறங்கும்போது இரண்டு பக்கத்து நீர்மட்டமும் ஒன்றாக இருப்பதில்லை. அந்த வேறுபாடு நிலத்தடி நீரை அடிக்கடி இங்குமங்கும் தள்ளுகிறது. அந்தச் சோதனைகளில் வைரஸ்கள் மணிக்கு அரை மீட்டர் முதல் 24 மீட்டர் வரை நகர்ந்தன.

இன்னொரு விசித்திரமும் உண்டு. இந்தத் தீவுகளில் போதிய நன்னீர் கிடையாது. 1942-இல் அமெரிக்கக் கடற்படை பெருநிலத்திலிருந்து குழாய் போட்ட பிறகுதான் தாராளமாகத் தண்ணீர் வந்தது. தண்ணீர் வந்ததும் குடியிருப்புகள் பெருகின. வீட்டு வாசல்வரை படகு வர வசதியாகக் கால்வாய்கள் வெட்டப்பட்டன. வெகுதொலைவிலிருந்து குழாயில் வந்த தண்ணீருக்குத் திரும்பிப் போகக் குழாய் இல்லை. குளித்ததும் துவைத்ததும் கழுவியதும் அந்தந்த வீட்டுக் காலடிப் பாறைக்குள்ளேயே இறங்கின. அடிப்பகுதி இல்லாத வெறும் குழிகள் சில வீடுகளில், செப்டிக் டேங்க் பல வீடுகளில். ஓட்டல்களுக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் சிறு சுத்திகரிப்பு நிலையங்கள் இருந்தன. சுத்திகரித்த நீரை அவை 90 அடி ஆழக் கிணறுகளில் இறக்கின. அதுவும் அதே துளைப் பாறைதான்.

செப்டிக் டேங்க் என்பதை நாம் அளவுக்கு மீறி நம்புகிறோம். ஒன்றைத் திறந்து பார்த்தால் மூன்று அடுக்கு தெரியும். மேலே எண்ணெயும் சோப்பும் மிதப்பனவும் சேர்ந்து தடித்த ஏடு. அடியில் கறுத்த கசடு. நடுவில் சாம்பல் நிறத்தில் ஓரளவு தெளிந்த நீர். வெளியேறுவது இந்த நடு அடுக்கு. கனமானது படிகிறது, இலேசானது மிதக்கிறது, படிந்ததைக் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் மெல்லத் தின்கின்றன. தொட்டி செய்கிற வேலை இவ்வளவே. உள்ளே வந்த கரிமக் கழிவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கோ பாதியோ குறையும். நோய்க்கிருமிகள் பெருமளவு அப்படியே வெளியே வரும்.

நைட்ரஜன் விஷயத்தில் தொட்டி அநேகமாக ஒன்றுமே செய்வதில்லை. ஒரு மனிதரின் சிறுநீரில் நாளொன்றுக்குச் சுமார் 11 கிராம் நைட்ரஜன் போகிறது. வீட்டுக் கழிவுநீரின் மொத்த அளவில் சிறுநீர் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆனால் நைட்ரஜனில் ஐந்தில் நான்கு பங்கு அதிலிருந்துதான் வருகிறது. கரைந்த பொருள் படியாது, மிதக்காது. தொட்டியின் நுழைவாயிலில் யூரியாவாக வந்தது வெளிவாயிலில் அம்மோனியாவாகப் போகிறது. வெளியேறும் ஒரு லிட்டர் நீரில் 40 முதல் 100 மில்லிகிராம் வரை நைட்ரஜன் இருப்பது சாதாரணம்.

மிச்ச வேலையை மண் பார்த்துக்கொள்ளும் என்பதுதான் செப்டிக் டேங்க் முறையின் அடிப்படை நம்பிக்கை. நல்ல மண்ணில் அது பெரிதும் உண்மை. நீர்மட்டத்துக்கு மேலே ஈரமும் காற்றும் கலந்த மண் சில அடி இருந்தால், கிருமிகள் மண்துகள்களில் ஒட்டி மடிகின்றன. பாஸ்பரஸ் இரும்போடும் சுண்ணாம்போடும் பிணைந்து தங்கிவிடுகிறது. நைட்ரஜன் மட்டும் நழுவுகிறது. மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. மண்துகளைப் போலவே நைட்ரேட்டுக்கும் எதிர்மின்னூட்டம் என்பதால் அது எதிலும் ஒட்டாமல் நீரோடு போய்விடும்.

அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள கேப் காட் தீபகற்பம் இதற்கு நல்ல சான்று. பனியாறுகள் விட்டுச்சென்ற மணல் அது. கிருமிகளை நன்றாகவே வடிகட்டும். நிலத்தடி நீர் அங்கே நாளொன்றுக்கு ஓரடி அளவில்தான் நகர்கிறது. ஆனால் வீடுகளின் நைட்ரேட், ஆண்டுக்கணக்கில் ஊர்ந்தாலும், விரிகுடாக்களை வந்தடைந்துவிட்டது. பாசி பெருகி ஒளியை மறைத்ததில் கடற்புல் படுகைகள் அழிந்தன. இன்று எல்லாத் தொட்டிகளையும் மூடினாலும், வழியில் இருக்கும் நைட்ரேட் இன்னும் பல ஆண்டுகளுக்கு வந்துகொண்டேயிருக்கும். கீஸில் மணிக்கணக்கு, கேப் காடில் ஆண்டுக்கணக்கு. கேப் காடில் நைட்ரேட் மட்டும் தப்பியது. கீஸில் கிருமியும் சேர்ந்து தப்பியது.

கிருமி தப்பியதன் விளைவு பவளத்தின் மேலேயே தெரிந்தது. 1996-இல் கீ வெஸ்ட் அருகே மான்கொம்புப் பவளத்தில் வெண்திட்டுகள் தோன்றின. திசு உரிந்து எலும்புக்கூடு வெளியே தெரிந்தது. நோய்க்குக் காரணம் செர்ரேஷியா மார்செசென்ஸ் என்ற பாக்டீரியா என்று 2002-இல் கண்டறியப்பட்டது. மனிதக் குடலிலும் வாழக்கூடிய கிருமி இது. 2011-இல் கேத்ரின் சதர்லாந்து, ஜேம்ஸ் போர்ட்டர் உள்ளிட்டோர் மனிதக் கழிவுநீரிலிருந்து பிரித்தெடுத்த கிருமியைப் பவளத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். ஐந்தே நாளில் நோய் தெரிந்தது. மனிதரிடமிருந்து கடல்வாழ் முதுகெலும்பிலி ஒன்றுக்கு நோய் தாவியதற்குக் கிடைத்த அரிய நிரூபணம் அது. 1996-க்கும் 1999-க்கும் இடையே அந்தக் கடற்பகுதியில் மான்கொம்புப் பவளத்தின் பரப்பு பெருமளவு குறைந்தது. அதே காலத்தில் வெப்பமும் புயலும் தாக்கியிருந்ததால் பழி முழுவதையும் கழிவுநீர் மேல் போட முடியாது.

நைட்ரஜன் செய்யும் கேடு இன்னும் நுட்பமானது. பவளத்தின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள்தான் அதற்குச் சோறு போடுகின்றன. நைட்ரஜன் ஏராளமாகவும் பாஸ்பரஸ் பற்றாக்குறையாகவும் இருந்தால், பாசிகள் பெருகும், ஆனால் அவற்றின் செல்சவ்வுகள் நலிவடையும். அந்த நிலையில் கொஞ்சம் வெப்பம் கூடினாலும் பவளம் வெளுத்துவிடும். கீஸின் லூ கீ பாறையில் 1984 முதல் 2014 வரை நீரைச் சோதித்த பிரையன் லபாய்ன்ட் குழு இந்த ஏற்றத்தாழ்வைத்தான் கண்டது. வீட்டுக் கழிவுநீரோடு, பெருநிலத்து வயல்களிலிருந்து வழிந்துவரும் உரச்சத்தும் அதில் சேர்த்தி. 2023 ஜூலையில் கீஸுக்கு அருகே மானட்டி விரிகுடாவில் மிதவை ஒன்று 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காட்டியது. அந்த வெப்பத்தை எந்தச் சுத்திகரிப்பு நிலையமும் தணிக்காது. ஆனால் ஏற்கெனவே நலிந்திருக்கும் உயிர் வெப்பத்தில் விழுவதற்கும், திடமான உயிர் விழுவதற்கும் வேறுபாடு உண்டு. உள்ளூர் நிர்வாகத்தின் கைக்கு எட்டுவது அந்த நலிவு மட்டுமே.

இவற்றில் பலவும் தெரியவருமுன்பே ஃப்ளோரிடா 1999-இல் கீஸுக்கென்று தனிச் சட்டம் போட்டது. அந்த ஊர்ப் பொறியாளர்கள் அதை நான்கு எண்களாகச் சொல்வார்கள்: 5-5-3-1. ஒரு லிட்டரில் பி.ஓ.டி. (கரிமக் கழிவைச் சிதைக்கப் பாக்டீரியாக்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) 5 மில்லிகிராம், மிதக்கும் திடப்பொருள் 5, மொத்த நைட்ரஜன் 3, மொத்த பாஸ்பரஸ் 1, இவற்றுக்கு மேல் கூடாது. நாளொன்றுக்கு ஒரு லட்சம் காலன், அதாவது சுமார் 3.8 லட்சம் லிட்டரும் அதற்கு மேலும் கையாளும் நிலையங்களுக்கு இது விதி. அதற்குக் கீழே உள்ள சிறு நிலையங்களுக்கும் தனி வீடுகளுக்கும் 10-10-10-1.

நைட்ரஜனுக்கான அந்த 10 என்ற எண்ணைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் குடிநீரில் நைட்ரேட் வடிவில் அனுமதிக்கப்படும் நைட்ரஜனும் லிட்டருக்கு 10 மில்லிகிராம்தான். குழந்தைகளின் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்பைத் தடுக்கும் நோயை மனத்தில் வைத்து வகுத்த எல்லை அது. பவளப்பாறை ஆய்வில் அடிக்கடி எடுத்தாளப்படும் எச்சரிக்கை எல்லையோ லிட்டருக்கு ஏறக்குறைய 0.014 மில்லிகிராம். இந்த எல்லையின் துல்லியம் பற்றி வாதம் உண்டு என்றாலும் அளவின் தன்மை தெளிவு. மனிதர் குடிக்கலாம் என்கிற நீரில், பவளம் தாங்கும் அளவைப் போல 700 மடங்கு நைட்ரஜன் இருக்கலாம். கண்ணாடிக் குவளையில் பிடித்தால் பளிங்காகத் தெரியும் நீர் பவளத்துக்கு உரக்கரைசல்.

செப்டிக் டேங்கில் 60 மில்லிகிராமாக வெளிவரும் நைட்ரஜனை 10-க்குக் கொண்டுவர என்ன வழி? வடிகட்டி அகற்ற முடியாது. நமக்கு மேலே இருக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். அங்கே திருப்பி அனுப்பிவிட்டால் யாருக்கும் கேடில்லை. அதைச் செய்ய இரண்டு தரப்புப் பாக்டீரியாக்கள் வேண்டும். இரண்டுக்கும் ஒத்துவராத தேவைகள்.

முதல் தரப்புக்கு ஆக்சிஜன் வேண்டும். நைட்ரோசோமோனாஸ் போன்றவை அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், வேறு சில அதை நைட்ரேட்டாக்கும். ஒரு கிராம் நைட்ரஜனுக்கு நாலரை கிராம் ஆக்சிஜன் செலவாகும். இரண்டாம் தரப்புக்கு ஆக்சிஜன் இருக்கவே கூடாது. அது கிடைக்காதபோதுதான் அவை நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிச் சுவாசித்து, நைட்ரஜனை வாயுவாக வெளியே விடுகின்றன. கூடவே அவற்றுக்குச் சாப்பிடக் கரிமப் பொருளும் தேவை. சிக்கல் எங்கே என்றால், காற்றூட்டும் முதல் கட்டத்திலேயே கரிமப் பொருள் எரிந்து தீர்ந்துவிடுகிறது. இரண்டாம் தரப்புக்கு இலையில் ஒன்றுமே மிச்சமிருப்பதில்லை.

இதற்குச் சிறு நிலையங்கள் கையாளும் தந்திரம் எளிது. காற்றூட்டிய நீரை நேரே வெளியே விடாமல், ஒரு பகுதியைப் பம்பு மூலம் செப்டிக் டேங்குக்கே திருப்பி அனுப்புவார்கள். அங்கே காற்று இல்லை, கரிமப் பொருள் நிறைய இருக்கிறது. நைட்ரேட் வாயுவாகிறது. ஒரு பங்கு வெளியேறும் நேரத்தில் ஒரு பங்கு திரும்பினால் அதிகபட்சம் பாதி நைட்ரஜன் போகும். மூன்று பங்கு திரும்பினால் முக்கால் பாகம். அப்படியானால் பத்துப் பங்கைத் திருப்பலாமே என்று தோன்றும். திரும்பும் நீர் தன்னோடு கரைந்த ஆக்சிஜனையும் கொண்டுவரும். அளவு மீறினால் காற்றில்லாத தொட்டி காற்றுள்ளதாகிவிடும், இரண்டாம் தரப்பு வேலையை நிறுத்திவிடும். ஆகவே நடைமுறையில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை அகற்றினால் நல்ல நிலையம். அதற்கு மேலும் வேண்டுமானால் கடைசியில் மரச்சீவல் நிரப்பிய ஒரு தொட்டியைச் சேர்ப்பார்கள். நீரில் மூழ்கிய மரம் ஆண்டுக்கணக்கில் மெல்லக் கரிமத்தைக் கசியவிட்டு அந்தப் பாக்டீரியாக்களுக்கு உணவாகும்.

மின்சாரம் இல்லாமலே நடக்கும் முறைகளும் உண்டு. போர்டா என்ற ஜெர்மானிய அமைப்பு பரப்பிய டிவாட்ஸ் என்னும் பரவலாக்கப்பட்ட முறை நம் பக்கத்திலும் வேரூன்றியது. ஆரோவில்லில் அதில் நீண்ட அனுபவம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனை வளாகத்திலும் இத்தகைய நிலையம் இயங்குகிறது. படியவிடும் தொட்டி, தடுப்புச் சுவர்களுக்கு மேலும் கீழுமாக நீர் ஏறி இறங்கும் அறைகள், கல்வாழையும் நாணலும் வளரும் சரளைப் படுகை, கடைசியாக வெயில் படும் குளம். சரிவு ஒன்றே அதன் எஞ்சின். பி.ஓ.டி.யைக் குறைப்பதிலும் பராமரிப்புச் செலவிலும் இதை மிஞ்சுவது கடினம்.

ஆனால் நைட்ரஜனில் இதற்கு ஓர் எல்லை உண்டு. தடுப்பறைகளில் காற்று கிடையாது. சரளைப் படுகையில் நீர் கிடைமட்டமாக ஓடும்போது வேர்கள் கொண்டுவரும் ஆக்சிஜன் சொற்பம். அம்மோனியாவை மாற்ற வேண்டிய முதல் தரப்பு அங்கே பட்டினி கிடக்கிறது. செடிகள் உறிஞ்சுவதும் கொஞ்சமே. அதையும் அவ்வப்போது அறுத்து வெளியே எடுக்காவிட்டால், இலை அழுகி நைட்ரஜன் அதே நீருக்குத் திரும்பும். கல்வாழை சிவக்கப் பூத்திருப்பதைப் பார்த்துவிட்டு நீர் கடலுக்குத் தகுதியானது என்று முடிவு செய்ய முடியாது. நீரை மேலிருந்து இடைவிட்டு இடைவிட்டுத் தெளிக்கும் செங்குத்துப் படுகையைச் சேர்த்தால் நிலைமை மாறும். விட்டு விட்டுத் தெளிக்கும்போது சரளைக்குள் காற்று புகும்.

இதைவிட நல்ல வழி, அந்த நீரைக் கடல் பக்கம் விடாமலே இருப்பது. தென்னைக்கும் தோட்டத்துக்கும் பாய்ச்சினால் அதே நைட்ரஜன் உரம். கோடையில் இது மிக அழகாக நடக்கும். வடகிழக்குப் பருவமழை அடிக்கும் ஐப்பசி கார்த்திகையில் மணல் நிலத்து மரங்கள் எவ்வளவு குடிக்கும்? மழையோடு மழையாக எல்லாம் கீழே இறங்கிவிடும். அந்த வாரங்களுக்கான சேமிப்புக் குளத்தையும் சேர்த்து வரைபடம் போட்டால்தான் மறுபயன்பாடு என்ற சொல்லுக்கு மதிப்பு.

இயந்திரம் எதுவானாலும் அதை ஓட்டுவது பாக்டீரியா. முதல் தரப்பு மிக மெதுவாகப் பெருகும் இனம். சாதாரணக் கழிவுநீர்ப் பாக்டீரியா சில மணி நேரத்தில் இரட்டிக்கும், இது இரட்டிக்க ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். சனி ஞாயிறு நிரம்பி வழிந்து, திங்கள் முதல் காற்று வாங்கும் கடற்கரை விடுதிகளில் இதற்கு முதலில் திணறல், பிறகு பட்டினி. குளியலறை கழுவக் கொட்டும் பிளீச்சிங் பவுடரும் ஃபினாயிலும் ஒரே இரவில் கூட்டத்தை அழித்துவிடும். மீண்டும் தழைக்க வாரங்கள் ஆகும். மின்கட்டணம் மிச்சம் என்று காற்றூட்டும் கருவியை இரவில் நிறுத்துவது இன்னொரு வழக்கம். கசடு அள்ளும் வேலையைத் தள்ளிப்போட்டால் தொட்டியின் கொள்ளளவு சுருங்கி எல்லாம் வெளியே ஓடும். அள்ளுவதும் லாரியும் இயந்திரமும் கொண்டே நடக்க வேண்டும். பாதுகாப்புக் கருவியின்றி மனிதரைத் தொட்டிக்குள் இறக்குவதை இந்தியாவின் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தும் விஷவாயுச் சாவுகள் நிற்கவில்லை.

கீஸ் இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் கற்றது. சிறு நிலையங்களைத் தனித்தனியே ஒழுங்காக ஓட்டவைப்பது இயலாத காரியம் என்று கண்டு, பெரும்பாலான வீடுகளை வட்டார நிலையங்களோடு இணைத்தார்கள். தட்டையான பாறைத் தீவில் சரிவு கிடைக்காததால் கீ லார்கோவில் கழிவுநீரை வெற்றிடக் குழாய்கள் இழுக்கின்றன. 2010 என்று வைத்த கெடு 2015-க்கு நீண்டது. மொத்தச் செலவு நூறு கோடி டாலர் அளவுக்குப் போனது. குழாய் எட்டாத ஒதுக்குப்புற வீடுகளுக்கு மட்டும், நைட்ரஜனைக் குறைக்கும் தனி அமைப்பு. சிறியதே அழகு என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. நாள்தோறும் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் இடத்துக்கே சிறியது பொருந்தும்.

இதே வகைத் தரை தமிழர் வாழும் இடங்களிலும் இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புப் பாறை. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. நிலாவரைக் கிணறு போன்ற இடங்களில் பாறைக்குள் இருக்கும் குடைவுகளை நேரிலேயே பார்க்கலாம். கீரிமலையில் நன்னீர் கடலோரமாகவே ஊற்றெடுக்கிறது. நிலத்தடிக்குள் போவது கடலுக்கு எவ்வளவு சுலபமாகப் போகும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அங்கே ஒரே வளவுக்குள் கிணறும் இருக்கும், மலசலகூடக் குழியும் இருக்கும். பல கிணறுகளில் நைட்ரேட், உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான (நைட்ரஜனாக அல்ல, முழு நைட்ரேட்டாக அளந்து) லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடும் உரத்துக்கும் அதில் பெரிய பங்குண்டு.

தமிழ்நாட்டில் ராமேஸ்வரம், மண்டபம் கரையும் மணலும் பவளச் சுண்ணாம்பும்தான். எதிரே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளம் வாழ்கிறது. 1986-இல் அது கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பூங்காவின் எல்லை கடலில் இருக்கிறது. ஆனால் கரையில் இருக்கும் ஒவ்வொரு விடுதியின் தொட்டியும் அந்தப் பூங்காவோடு நிலத்துக்கடியில் தொடர்புடையது.

நம் விதிகள் என்ன சொல்கின்றன? கழிவுநீர் நிலையங்களுக்கான இந்திய மத்திய அரசின் 2015 வரைவில் மொத்த நைட்ரஜனுக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்ற வரம்பு இருந்தது. 2017-இல் இறுதி அறிவிக்கை வந்தபோது அது காணாமல் போயிருந்தது. பி.ஓ.டி., மிதக்கும் திடப்பொருள், மலக்கிருமி, கார அமிலத்தன்மை ஆகியவற்றோடு பட்டியல் முடிந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் 10 என்ற வரம்பை மறுபடி வலியுறுத்தியது. பெருநகரச் சாக்கடைக்கு எது பொருத்தம் என்ற வாதம் ஒருபுறம் நடக்கட்டும். பவளத்துக்கு எதிரே நிற்கும் ஊர்களுக்காவது ஃப்ளோரிடா செய்ததுபோல் தனி வரம்பு வேண்டும். அதைச் சோதிக்கப் பெரிய ஆய்வகம்கூடத் தேவையில்லை. அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் நிறமாற்றத்தால் காட்டும் சிறு சோதனைப் பெட்டிகள் மாதாந்தரக் கண்காணிப்புக்குப் போதும். இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்த்தாலே பழுது எந்தக் கட்டத்தில் என்பது தெரிந்துவிடும். அம்மோனியா அதிகமென்றால் காற்று போதவில்லை. நைட்ரேட் அதிகமென்றால் திருப்பி அனுப்பும் பம்பு ஓடவில்லை, அல்லது கரிமப் பொருள் போதவில்லை. வரம்பு எழுதப்படாத ஒரு பொருளை எந்த ஒப்பந்ததாரரும் தானாக முன்வந்து அகற்றித் தரமாட்டார். அனுமதிப் பத்திரத்தில் நைட்ரஜனுக்கு ஒரு வரி சேர்க்கும்வரை, நீர் தெளிவாக இருக்கிறது என்பதையே சுத்தம் என்று சொல்லிக்கொண்டிருப்போம்.